பதினேழாம் அறிவிப்பு

"அன்பான பணியாளர்களுக்கு" வரை
எப்போதும் தடங்கல் இல்லை.
அடுத்த வரியில்தான்
காபி ஆறிப்போகும்.

முதல் அறிவிப்பு எழுதியபோது
லூயிஸ்டனில் பனி உருகவில்லை.
பகல்நேர மையத்தை மூடினோம்.
இருபத்திரண்டு பேரில் பதினாலு பேரை
வீட்டிலிருக்கச் சொன்னேன்,
வேலைநீக்கம் என்ற சொல்லில்
விரல் படாமல், மூன்று பத்தியில்.
எனக்குச் சம்பளமே அதற்குத்தான்.
மீதி எட்டுப் பேரை
இரவுப் பணிக்கு நகர்த்தினேன்,
கூடம் பெருக்கும்போது
நாற்காலியை நகர்த்துவதுபோல.

வேன் ஓட்டிக்கொண்டிருந்த க்ளோவிஸ் தெரியோ
பர்ச் தெரு இல்லத்தில்
வெண்டெலுக்குச் சவரம் செய்யப் போனார்.
முதல் நாளே கன்னத்தில் கீறல்.
அதற்கும் ஒரு படிவம் உண்டு.
நிரப்பியவர் அடியில் எழுதியிருந்தார்:
அவன் அழவில்லை. நான்தான்.

வெண்டெலுக்கு ஐம்பத்தொன்பது வயது.
சன்னலோரம் அமர்ந்து கார் எண்ணுவார்.
இரவு உணவுக்குள் முந்நூறைத் தாண்டினால்
கைதட்டிவிட்டுத்தான் சாப்பாடு.
ஏப்ரலில் ஒருநாள்
எண்ணிக்கை ஒன்பதில் நின்றது.
மிச்சமெல்லாம் எங்கே என்று
முகக்கவசம் போட்ட ஒவ்வொருவரையும் கேட்டார்.
யார் யாரென்றும் அவருக்குத் தெரியவில்லை.
அதற்கு என்னிடம் சுற்றறிக்கை இல்லை.

நான்காவதில், அத்தியாவசியப் பணியாளர் கடிதம்.
போலீஸ் நிறுத்தினால் காட்டலாம்.
ஹோடன் அதை லேமினேட் செய்து
கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.
போலீஸ் யாரும் நிறுத்தவில்லை.
இரவு பதினொன்றரைக்கு
காரை மெதுவாக்கிய ஒருவன்
வீட்டுக்குப் போ என்று கத்தினான்.
வீட்டுக்குத்தான் போகிறேன், என்றாளாம்,
ஆறு பேர் மாத்திரைக்குக் காத்திருக்கிறார்கள்.

ஏழாவதில், ஒருவருக்கு ஓர் இடம் மட்டும்.
பெயாத்ரிஸ் இலுங்கா அழைத்தாள்.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் முதியோர் இல்லம்,
இந்தப் பக்கம் நாங்கள்,
நடுவில் பாலமும் ஒரு பழைய டொயோட்டாவும்.
எதை விடச் சொல்கிறாய்?
விதியைப் படித்துக் காட்டினேன்.
விதி கேட்கவில்லை, என்றாள்,
வாடகை கேட்டேன்.
பின்னால் குக்கர் கூவியது.
நான் இருக்கிறேனா என்று
இரண்டு முறை கேட்டாள்.
இருந்தேன்.

பதினொன்றாவதில், மணிக்கு இரண்டு டாலர் கூடுதல்.
அதை எழுதியது மட்டும் நினைவிருக்கிறது,
ஒரே மூச்சில், எழுத்துப்பிழையோடு.
வீட்டிலிருந்த பதினாலு பேருக்கு
அப்போதும் வாரத்துக்கு அதிகம் வந்தது.
யாரும் என்னிடம் கேட்கவில்லை.
கால்குலேட்டர்
எல்லோர் கைபேசியிலும் இருக்கிறது.

பதின்மூன்று, க்ளோவிஸைப் பற்றி.
இரண்டே வரி.
திருத்த எதுவும் இல்லை.

இன்று ஜூன் பதினெட்டு.
இரண்டு டாலர் இம்மாதக் கடைசியோடு சரி.
நிறுத்தப்படுகிறது என்று அடித்தேன்.
மேலிடத்திலிருந்து திருத்தம் வந்தது:
நிறைவு பெறுகிறது.
யாருக்கு நிறைவு என்று
ஓரத்தில் எழுதிவிட்டு அழித்தேன்.
இயல்பு நிலை திரும்பிவருவதால்
என்றொரு வரியும் சேர்க்கச் சொன்னார்கள்.
சாட்சிக்கு வெண்டெல் இருக்கிறார்.
நேற்று இருநூற்றுப் பதினாறு எண்ணினாராம்.
கைதட்ட இன்னும் எண்பத்தைந்து.
தாடி நரைத்துத் தொங்குகிறது,
யாரிடமும் கன்னம் கொடுப்பதில்லை.

அனுப்பும் பொத்தானை அழுத்தி
பணி அட்டவணையைத் திறந்தேன்.
சனி இரவுக் கட்டம் வெள்ளையாக இருந்தது.
என் பெயரைப் போடலாமா என்று
ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
தூக்கிக் கிடத்தும் பயிற்சி எனக்கில்லை.
அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

பெயாத்ரிஸிடமிருந்து செய்தி வந்தது.
அறிவிப்பைப் படித்தாளா தெரியாது.
சனிக்கு ஆளில்லையென்றால் என்னை எழுது.
முகக்கவசம் வைக்கும் காகிதப் பை
கிழிந்துவிட்டது.
புதிதாக ஒன்று வை.
பெயரைச் சரியாக எழுது, இந்த முறை.